முதலை உள்ள ஆற்றில் இறங்குவதற்கு முன்

ஊர்ச் சிறுவர்கள் குதித்தாடிக் கலங்கிப்போன கால் நனையும் நீர். அந்தச் சின்னீரிலேயே களிற்றை இழுத்து வீழ்த்தும் கராம் என்னும் முதலை போன்றவன் என்று அதியமானைப் பற்றிப் பகைவரை எச்சரிக்கிறார் ஔவையார், புறநானூற்றின் 104ஆம் பாட்டில். அரசனைப் புகழ வந்த உவமைதான். ஆனாலும் முதலையைப் பற்றி ஆற்றங்கரைக்காரர் அறிய வேண்டிய முதல் பாடம் அதற்குள் இருக்கிறது: ஆபத்து கரையோரத்து ஆழமற்ற நீரில் காத்திருக்கிறது. நடு ஆற்றில் நீந்துகிறவரைவிட, ஓரத்தில் குந்திப் பாத்திரம் கழுவுகிறவருக்குத்தான் கவனம் கூடுதலாக வேண்டும்.

கீழே சொல்லியிருப்பது கொள்ளிடக் கரை, காவிரிக் கரை, அமராவதி, பவானிசாகர், சாத்தனூர் அணைப் பக்கம் புழங்குகிறவர்களுக்கும், அங்கெல்லாம் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கும்.

எந்த முதலை?

இந்தியாவில் மூன்று இனம் உண்டு. தமிழ்நாட்டு ஆறுகளில் இன்று காட்டு வாழ்வில் இருப்பது சதுப்புநில முதலை ஒன்றே. உவர்நீர் முதலையைப் பார்க்க ஒடிசாவின் பிதர்கனிகா, வங்கத்துச் சுந்தரவனம், அந்தமான் நிக்கோபார் என்று போக வேண்டும். மூக்கு நுனியில் சொம்பு கவிழ்த்ததுபோல் புடைப்பு உள்ள கரியால் என்னும் மூன்றாம் இனம் சம்பல் போன்ற வடநாட்டு ஆறுகளுக்கு உரியது. அந்தப் புடைப்பும் வளர்ந்த ஆணுக்கு மட்டும்தான்.

குறிஞ்சிப்பாட்டு "கொடுந்தாள் முதலையும் இடங்கரும் கராமும்" என்று மூன்று பெயர்களைத் தனித்தனியே எண்ணுகிறது. கொடுந்தாள் என்றால் வளைந்த கால். உடலுக்கு நேர் கீழே இல்லாமல் பக்கவாட்டில் மடிந்து நிற்கும் காலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. வடமொழி மகரம் இந்தியில் மகர் ஆகி, ஆங்கிலேயர் வாயில் சதுப்புநில முதலைக்கு மக்கர் என்ற பெயர் ஆனது. கோயில் வாசலின் மகர தோரணத்திலும், பெருமாள் காதின் மகரக்குழையிலும், மன்மதன் கொடியிலும், கங்கையின் ஊர்தியாகவும் இருப்பது அதே சொல்தான். ஆனால் சிற்பி செதுக்கிய மகரத்துக்குத் துதிக்கையும் மீன் வாலும் உண்டு. அதைப் பார்த்து ஆற்று முதலையை அடையாளம் காண முடியாது.

அடையாளத்துக்கு இரண்டு குறி போதும். சதுப்புநில முதலையின் மூஞ்சி அகலமாக, மழுங்கியிருக்கும். மண்டை ஓடு முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில் நான்கு பெரிய செதில்கள் ஒரு வரிசையாக எழும்பி நிற்கும். உவர்நீர் முதலைக்குப் பெரும்பாலும் அந்த வரிசை இராது. வாய் மூடியிருக்கும்போதும் கீழ்த்தாடையின் நான்காம் பல் வெளியே தெரிந்தால் அது முதலை. தெரியாவிட்டால் அலிகேட்டர், அது நம் ஆற்றில் கிடையாது.

உடும்பைப் பார்த்து முதலைக் குட்டி என்று பதறுவதும் அடிக்கடி நடக்கும். உடும்பு பிளவுபட்ட நாக்கை நீட்டி நீட்டி இழுக்கும். முதலையின் நாக்கு கீழ்த்தாடையோடு ஒட்டியது, வெளியே வராது.

தண்ணீரைப் பார்ப்பது

துறைக்கு வந்ததும் இறங்காதீர்கள். கரை மேட்டில் நின்று, இக்கரை ஓரத்திலிருந்து அக்கரை வரை ஐந்து நிமிடமாவது கண்ணோட்டுங்கள். மிதக்கும் கட்டைக்கும் முதலைக்கும் வேறுபாடு எளிது: கட்டை நீரோட்டத்தோடு போகும், முதலை ஓட்டத்தை எதிர்த்து ஒரே இடத்தில் நிற்கும். தேங்கிய குளத்தில் இந்தச் சோதனை பலிக்காது. அங்கே மேடுகளைப் பாருங்கள். முன்னால் சிறிய மேடு ஒன்று, அது மூக்கு. சற்றுப் பின்னால் அதைவிடப் பெரிய மேடு, அது கண்ணும் நெற்றியும். இரண்டுக்கும் நடுவில் நீர் சமமாக இருக்கும். நீங்கள் நகர, அந்த மேடுகள் ஓசையின்றிக் கீழே போனால் ஐயமே வேண்டாம்.

எதுவும் தெரியவில்லை என்றால்? முதலை இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. ஓய்வாகக் கிடக்கும் முதலையால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் மூழ்கி இருக்க முடியும். இதயத் துடிப்பைக் குறைத்து, இரத்தத்தை வேண்டிய இடத்துக்கு மட்டும் அனுப்பிக்கொள்ளும். அதனால்தான் தண்ணீரை மட்டும் நம்பாமல் கரையையும் படிக்க வேண்டும்.

கரையைப் படிப்பது

கரை பொய் சொல்லாது. வெயில் காய ஏறி இறங்கும் இடத்தில் சேறு வழுவழுவென்று தேய்ந்து, அகன்ற சறுக்குத் தடம் விழுந்திருக்கும். ஈரமணலில் நடந்திருந்தால் நடுவே வால் இழுத்த கோடும் இரு பக்கமும் கால்தடமும் இருக்கும். முன்காலில் 5 விரல், பின்காலில் 4 விரல், விரலிடைச் சவ்வின் அச்சோடு. உடும்புத் தடத்தில் வால் கோடு ஒல்லியாக, பாம்புபோல் வளைந்து வளைந்து போகும். முதலையின் கோடு தடிமனாக விழும்.

எச்சம் காய்ந்தால் சுண்ணாம்புபோல் வெளுத்துவிடும். உடைத்தால் மயிரும் செதிலும் கிடைக்கும், எலும்பு அரிது. வயிற்று அமிலம் எலும்பைக் கரைத்துவிடும். குச்சியால் மட்டும் தொட்டுப் பாருங்கள்.

செங்குத்தான மண்கரையில் நீர்மட்டத்தை ஒட்டிப் பெரிய பொந்து வாய் இருந்தால் அது முதலை வளையாக இருக்கக்கூடும். கோடை வெப்பத்துக்கும் வறட்சிக்கும் சதுப்புநில முதலை வளை தோண்டி ஒதுங்கும். சில வளைகள் பல மீட்டர் நீளம் போகும். வளை வாய்க்கு நேர் மேலே நிற்காதீர்கள். கரை சரிந்து நேராக உள்ளே விழும் அபாயமும் உண்டு.

பார்த்தது எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு கணக்கு: மூக்கு நுனியிலிருந்து மண்டையின் பின்விளிம்பு வரையுள்ள தலை நீளத்தை ஏழால் பெருக்குங்கள். தலை 30 செ.மீ. என்றால் முதலை ஏறத்தாழ 2.1 மீட்டர். 40 செ.மீ. என்றால் 2.8 மீட்டர். ஒரு மீட்டருக்குக் குறைந்தது பூச்சி, தவளை, மீன் என்று பிழைக்கும். 2 மீட்டரைத் தாண்டியது ஆட்டுக்கும் கன்றுக்கும் குழந்தைக்கும் ஆபத்து. பயத்தில் எல்லோர் கண்ணுக்கும் முதலை ஒன்றரை மடங்காகத் தெரியும். ஆகவே அது கிடந்த இடத்தில் இருந்த கல், படி, மரவேர் எதையாவது குறித்து வைத்துக்கொண்டு, அது போன பிறகு அளப்பது நல்லது.

இரவில் டார்ச் போதும். பிடிக்கும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். இடுப்பருகே பிடித்தால் ஒன்றும் தெரியாது. கண் மட்டத்தில், நெற்றிப்பொட்டோடு ஒட்டிப் பிடித்து மெல்ல நீர்மட்டத்தைத் துழாவுங்கள். முதலையின் விழித்திரைக்குப் பின்னுள்ள படலம் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். உங்கள் கண் அந்த வழியில் இருந்தால்தான் அது தெரியும். தணல்போல் செம்மஞ்சளாக ஒளிர்வது முதலை. மாட்டுக் கண் பச்சையாக மின்னும். பாலத்தின் மேலோ உயர்ந்த கரையிலோ நின்று பார்க்க வேண்டும். பரிசலில் போய்ப் பார்க்க வேண்டாம்.

இரவில் கோட்டைக் காவலர் கையிலுள்ள விளக்கின் நிழலை நீரில் கவ்வப் பாயும் முதலை புறநானூற்றின் 37ஆம் பாட்டில் வருகிறது. கவிதைதான். ஆனால் நீர்ப்பரப்பில் அசையும் எதையும் முதலை கவனிக்கும் என்பது உண்மை. அதன் தாடையோரச் செதில்களில் கரும்புள்ளிகள்போல் தெரிபவை உணர்வுப் புள்ளிகள். சிற்றலையைக்கூட அவை அறியும். குடம் முக்கும் "களுக்" ஒலியும் துணி அலசும் அதிர்வும் அதற்கு அழைப்பு மணி மாதிரி.

மாதக் கணக்கு

மார்கழி, தை மாதங்களில் காலை வெயில் ஏறியபின் முதலைகள் நெடுநேரம் கரையில் கிடக்கும். பார்க்க விரும்புகிறவர்களுக்கும் எண்ணிக்கை எடுப்பவர்களுக்கும் இதுவே காலம். வாயைத் திறந்துகொண்டு கிடப்பது உங்களை மிரட்ட இல்லை. தலைச் சூட்டைத் தணிக்கும் வழி அது. மாசி, பங்குனியில் முட்டை. அதிலிருந்து ஆனி வரை கூட்டருகே தாய் இருக்கும், அப்போது அதன் எல்லைக்குள் போகிற எதையும் துரத்தும். கோடையில் நீர் வற்றி மடுவுக்குள் முதலைகள் ஒடுங்குவதும், அதே மடுவுக்கு நாமும் மாட்டோடு போவதும் ஒன்றாக நடக்கும். வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்து நீர் வந்தால் அவை பரவும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் கொள்ளிடத்திலிருந்து வாய்க்கால், வயல், ஊர்க்குளம் என்று ஏறும். சிதம்பரத்தை அடுத்த வேளக்குடி, பழையநல்லூர்ப் பக்கத்துக் குளங்களில் முதலை பிடிபடுவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

வெள்ளம் வடிந்தபின் ஊர்க்குளத்தை மூன்று இரவு டார்ச் அடித்துப் பார்க்காமல் யாரையும் இறங்க விடாதீர்கள். கரையில் புதுச் சறுக்குத் தடம் இருக்கிறதா என்று காலையிலும் பாருங்கள்.

புழங்கும் முறை

முதலையின் வேட்டை முறை பொறுமை. தினமும் அதே நேரம், அதே படி, அதே ஆள் என்றால் அது கற்றுக்கொள்ளும். எனவே துறையை மாற்றுங்கள், நேரத்தை மாற்றுங்கள். அந்தி சாய்ந்தபின்னும் விடிவதற்கு முன்னும் நீரோரம் வேண்டாம். மீன் கழுவிய நீரையும் கோழிக்கழிவையும் துறையில் கொட்டுவதுதான் பல ஊர்களில் நடக்கும் பெருந்தவறு. இறைச்சிக் கடைக் கழிவு விழும் இடத்தில் முதலை நிலையாகத் தங்கிவிடும். கழிவை நிறுத்தாமல் முதலையைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்வதில் பயன் இல்லை; காலியான இடத்துக்கு அடுத்தது வரும்.

குந்துவதைத் தவிருங்கள். நின்றால் நாம் உயரமான உயிர், குந்தினால் ஆட்டளவு. தண்ணீர் எடுக்க 3 மீட்டர் கயிறு கட்டிய வாளியை மேட்டிலிருந்து வீசி இழுக்கலாம். துணி துவைக்கக் கல்லை நீரோரத்திலிருந்து 5 மீட்டராவது மேலே நகர்த்திப் போடுங்கள். தூண்டில் போடுகிறவர் நீருக்குள் நிற்க வேண்டாம். பிடித்த மீனை இடுப்பில் கட்டிக்கொள்ளவே வேண்டாம்.

தினமும் ஆற்றில் குளித்தே ஆகவேண்டிய ஊர்களுக்கு உறுதியான வழி அடைப்புத் துறை. இலங்கையில் இதைச் சிங்களத்தில் கிம்புல் கொட்டுவ என்பார்கள். நில்வளா போன்ற ஆறுகளில் கழிகளை வரிசையாக நட்டு, உள்ளே மக்கள் குளிப்பார்கள். கட்டுவது கடினமில்லை. கடலூர்ப் பக்கம் சவுக்குக் கம்பு எளிதில் கிடைக்கும். 10 செ.மீ. தடிமனுள்ள கம்புகளை ஆற்றுப்படுகையில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, கம்புக்கும் கம்புக்கும் இடைவெளி 8 முதல் 10 செ.மீ.க்கு மிகாமல் நடவேண்டும். நீர்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நிற்கட்டும். குறுக்கே மூன்று இடத்தில் கம்பு வைத்துத் துருப்பிடிக்காத கம்பியால் கட்டுங்கள். கயிறு நீரில் இற்றுவிடும். இரும்புக் குழாயும் துத்தநாகம் பூசிய கம்பி வலையும் வைத்தால் இன்னும் நாள் வரும், செலவு கூடும்.

இது தவறிப்போகும் இடங்கள் மூன்று. முதலாவது, நீருக்குள் மட்டும் அடைத்துவிட்டுக் கரைப் பக்கத்தைத் திறந்தபடி விடுவது. முதலை தரையில் ஏறிச் சுற்றி உள்ளே வந்துவிடும்; பின் அடைப்பே பொறி. இரண்டு ஓர வேலியையும் கரைமேல் 2 மீட்டர் வரை இழுத்து வந்து, முகப்பில் கதவு போடுங்கள். இரண்டாவது, வெள்ளம் அடிமண்ணை அரித்துக் கம்புக்குக் கீழே இடைவெளி விழுவது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் நீண்ட கழியால் அடியைத் துழாவிப் பார்த்துக் கல் அடுக்க வேண்டும். மூன்றாவது, நீர் வேலியைத் தாண்டி உயர்ந்த நாளிலும் பழக்கத்தில் இறங்குவது. வேலியின் மேல் நுனியிலிருந்து 50 செ.மீ. கீழே சிவப்பு வண்ணக் கோடு ஒன்று அடியுங்கள். நீர் அதைத் தொட்டால் அன்று துறை மூடல்.

பிள்ளைகளுக்கு

குரங்கின் ஈரலுக்கு ஆசைப்பட்ட முதலையை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். மரத்திலேயே ஈரலை விட்டுவந்தேன் என்று சொல்லித் தப்பிய குரங்கும் தெரியும். யானையின் காலைக் கவ்வியதும் தெரியும். கும்பகோணம் பக்கத்துக் கபிஸ்தலத்தில் கஜேந்திரன் என்ற அந்த யானையைக் காத்த பெருமாளுக்குக் கோயிலே இருக்கிறது. அவிநாசியில் முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பாடி மீட்ட கதையும் கேட்டு வளர்கிறார்கள். இந்தக் கதைகளைச் சொல்லும்போதே ஆற்றுப் பாடத்தையும் சேர்த்துவிடுங்கள், நன்றாகப் பதியும். யானை மாட்டிக்கொண்டது எங்கே? நீர் குடிக்க இறங்கிய ஓரத்தில். பாலகனை விழுங்கியது எங்கே? குளிக்க இறங்கிய மடுவில். "நெடும்புனலுள் வெல்லும் முதலை" என்ற குறளின் மறுபாதி, நீரை விட்டு வந்தால் அதைப் பிற உயிர்கள் வென்றுவிடும் என்பது. ஆகவே முதலையைக் கண்டால் செய்ய வேண்டியது ஒன்றே: கரைமேல் ஏறி ஓடு. வளைந்து வளைந்து ஓடச் சொல்லிக்கொடுப்பது தவறு. அப்படி ஓடினால் தூரம் குறைகிறது. நேராக, நீரை விட்டு விலகி ஓட வேண்டும். தரையில் சில மீட்டருக்கு மேல் அது துரத்துவது அரிது.

முதலைக் கண்ணீரும் பொய்யில்லை. கண்ணை ஈரமாக வைக்கச் சுரக்கும் நீர், இரை தின்னும்போது நுரைத்து வழிவதைப் பார்த்திருக்கிறார்கள். துயரம் மட்டும்தான் நம் கற்பனை.

பிடித்துவிட்டால்

மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா என்கிறது பழமொழி. அந்தப் பற்கள் கூம்பு வடிவம், பற்றுவதற்கானவை, வெட்ட உதவாது. அதனால்தான் பற்றியதைத் துண்டாக்க முதலை உடலோடு சுழல்கிறது. இழுத்துப் பிடுங்கப் பார்த்தால் சதைதான் கிழியும். ஆனால் அது விடுவதும் உண்டு, எதிர்ப்பு பலமாக இருந்தால். கண்ணைக் குத்துவதுதான் முதல் வேலை. கட்டைவிரல், சாவி, கல் எதுவானாலும். கண் எட்டாவிட்டால் மூக்கு நுனியில் ஓங்கி அடியுங்கள். கை தொண்டை வரை போயிருந்தால் உள்ளே நீரை மறிக்கும் தடுக்கு மடல் ஒன்று உண்டு. அதை அழுத்தித் தள்ளினால் நீர் புகும், விட்டுவிடக்கூடும். கரையில் இருப்பவர்கள் நீரில் குதிக்காமல், பிடிபட்டவர் நீருக்குள் போகாமல் தோளைப் பற்றிப் பிடித்துக்கொண்டே கழியால் முதலையின் கண்ணையும் மூக்கையும் தாக்க வேண்டும்.

விடுபட்டதும் ஒரு நொடியும் நீரோரம் நிற்காதீர்கள், மறுபடி பாயும். இரத்தம் பீறிட்டால் சுத்தத் துணியை அழுத்திப் பிடித்தபடி 108க்கு அழையுங்கள். சிறு பல் குத்து என்றாலும் சுத்தமான நீரை ஓடவிட்டு நெடுநேரம் கழுவி, கட்டாயம் மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதலை வாயிலும் ஆற்று நீரிலும் உள்ள கிருமிகள் குத்துக்காயத்தின் அடியில் போய்த் தங்கும். மேலே ஆறியதுபோல் தெரிந்து உள்ளே சீழ் பிடிக்கும். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். தனுர்வாத (டெட்டனஸ்) ஊசி போட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஊருக்குள் வந்துவிட்டால்

வனச்சரக அலுவலக எண்ணை இன்றே கைப்பேசியில் பதிந்து வையுங்கள். அகப்பட்டபின் தேடினால் கிடைக்காது. அவர்கள் வரும்வரை கூட்டத்தை 10 மீட்டருக்கு அப்பால் நிறுத்தி, முதலைக்கும் நீருக்கும் நடுவே யாரும் நிற்காமல் பாருங்கள். அதன் வாயைத் திறக்கும் தசை வலுவற்றது, மூடிய வாயை ஒரு சுருள் நாடாவால் கட்டிவிடலாம் என்பது உண்மைதான். அதை நம்பி இளைஞர்கள் மேலே பாய்கிறார்கள். வாலும் பக்கவாட்டில் வீசும் தலையும் எலும்பை முறிக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு இது. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

பிடித்துத் தொலைவில் விட்டுவிட்டால் தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். ஆஸ்திரேலியாவில் செயற்கைக்கோள் கருவி கட்டி அனுப்பிய உவர்நீர் முதலை ஒன்று 400 கிலோமீட்டருக்கும் மேல் கடல்வழி நீந்தித் தன் இடத்துக்கே திரும்பியது. சிதம்பரம் பக்கம் பிடிபடுபவை வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடப்படுவது வழக்கம். அதனால் அங்கே வேலியும் எச்சரிக்கைப் பலகையும் எப்போதும் சரியாக இருக்க வேண்டும்.

கூடும் குஞ்சும்

கரைமேட்டில் புதிதாகக் கிளறிய மண், அருகே தாயின் தடம் என்றால் கூடாக இருக்கலாம். குழியில் 25 முதல் 30 முட்டை கிடக்கும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மண்ணின் சூடு முடிவு செய்கிறது, 32.5 பாகையை ஒட்டி ஆண்கள் மிகுதி, அதற்குக் குறைந்தால் பெண்கள். கூட்டைத் தோண்டாதீர்கள். எடுத்த முட்டையைப் புரட்டிவைத்தால் மேல்பக்கத்தில் ஒட்டி வளரும் கரு இறந்துபோகும். இடம் மாற்றியே ஆகவேண்டும் என்றால் வனத்துறையினர் மேல்பக்கத்தில் பென்சிலால் குறியிட்டு, அதே நிலையில் தூக்குவார்கள். 1976இல் வடநெம்மேலியில் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணை போன்ற இடங்களில் இந்தப் பக்குவத்தில்தான் ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரித்தார்கள். மணல் அள்ளும் பொக்லைன் ஒரே வாரில் மூன்று கூட்டை அழித்துவிடும். கூடு கண்ட இடத்தை ஊராட்சியிடமும் வனத்துறையிடமும் அன்றே சொல்லிவிடுங்கள்.

ஆனி மாதத்தில் மீன் வலையில் ஒரு சாண், ஒன்றரைச் சாண் குஞ்சு சிக்கும். "கியாவ், கியாவ்" என்று கத்தும். அந்தக் குரலுக்குத்தான் தாய் கூட்டைத் தோண்டும்; தாயும் தந்தையும் அதே குரல் கேட்டு ஓடிவரும். வலையை நீரோரத்தில் வைத்துச் சிக்கு எடுக்க உட்காராதீர்கள். கத்தியால் அந்தக் கண்ணியை மட்டும் அறுத்துக் குஞ்சை அங்கேயே விட்டுவிட்டு, வலையின் மீதியைச் சுருட்டிக்கொண்டு கரைமேட்டுக்கு வந்துவிடுங்கள்.